அளவெடுக்கும் நஸீரா

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் இருந்தால்தான் நஸீரா உட்காருவாள். இல்லாவிட்டால் தாராவியிலிருந்து வேலை பழகும் ஆஸ்பத்திரி வரை வாசலருகே, காற்றுப் படும்படி நின்றுகொண்டே போவாள். அவளுடைய வாப்பா காசிமுக்குத் தோல் பதனிடும் பட்டறை. வீடு அதன் மாடியில். சந்தன சோப்பு எவ்வளவு தேய்த்தாலும் தன்மேல் தோல் வாடை வீசுகிறது என்று அவளுக்கு நினைப்பு. காலேஜில் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் ஒருத்தி, "நஸீரா வந்தாச்சு, ஜன்னலைத் திறங்கோ" என்று சொல்லியிருக்கிறாள்.

பௌதிகத்தில் கடைசி வருஷத்துக்குப் போகிறாள். பென்சிலைப் பின்னலில் செருகிவிட்டு மேஜையெல்லாம் தேடுவாள். கணக்குப் போடும்போது உதடு தமிழில் முணுமுணுக்கும்; விடை மட்டும் ஹிந்தியில் வரும்.

இந்தக் கோடை விடுமுறையில் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் பௌதிக மாணவர்கள் சிலரை வேலை பழகச் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய காலேஜ்களுக்கு வெளியிலிருந்தும் ஆள் எடுத்தது இதுதான் முதல் தடவை. தாராவியிலிருந்து போனவள் நஸீரா ஒருத்திதான். பட்டறைக்கு வரும் வியாபாரி தோலைப் புரட்டிப் பார்ப்பதற்குள் காசிம், "எம்பொண்ணு ரேடியத்துக்குக் கணக்குப் பாக்கா" என்று சொல்லிவிடுவார்.

உண்மைதான், ஆனால் கணக்கு மட்டுந்தான். புற்றுப் புண்ணின்மேல் வைப்பதற்கு மெழுகில் ஓர் அச்சு செய்து, கதிர் வீசும் ரேடிய ஊசிகளை அதில் பதிப்பார்கள். ஊசிக்கும் புண்ணுக்கும் இடைவெளி கூடினால் கதிர் போதாது. குறைந்தால் தோல் வெந்துபோகும். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து அச்சுக்கு வேண்டிய அளவைத் தானே எடுக்க வேண்டும் என்பது நஸீராவின் ஆசை. பிரிவுத் தலைவர் வேங்கடசுப்ரமணியன், "அந்தப் புண்ணெல்லாம் உன்னால பார்க்க முடியாதும்மா. நீ கணக்கைப் போடு" என்று அன்பாகவே மறுத்துவிட்டார்.

அப்போதுதான் செல்லப்பாண்டி வந்தார். மில் தொழிலாளி, கன்னத்தில் புண். கிட்டு என்ற மாணவன் மூச்சை அடக்கிக்கொண்டு, எட்ட நின்று கையை நீட்டி அளந்தான். அச்சு பொருந்தவில்லை. மறுநாள் திரும்ப அளக்கப் போனபோது செல்லப்பாண்டி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். யார் சொல்லியும் எடுக்கவில்லை. அவர் பேச்சு தன் தெருப் பேச்சு என்று நஸீராவுக்குக் கேட்டதும் தெரிந்துவிட்டது. தான் பேசிப் பார்க்கட்டுமா என்று தலைவரைக் கேட்டாள். வேறு வழியில்லாமல் அவர் ஒதுங்கி நின்றார்.

"கிட்ட வராதிய, தாயி. நாத்தம் அடிக்கும்" என்றார் செல்லப்பாண்டி, துண்டுக்குள்ளிருந்து.

நஸீரா ஸ்டூலை அவர் முழங்காலில் இடிக்கும்வரை இழுத்துப் போட்டாள். "தோல் ஊறப்போடுத தொட்டிக்கு மேலதான் அண்ணாச்சி எங்க வீடு. சோறு திங்கதும் அங்கனதான். உங்க நாத்தத்த அங்க கொண்டாந்து வச்சா, வெக்கப்பட்டு ஓடிரும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கன்னம் வலித்து, கை அங்கே போக, துண்டு மடியில் விழுந்தது. அதை அவர் மறுபடி எடுக்கவில்லை. நஸீரா பின்னலிலிருந்து பென்சிலை உருவிக்கொண்டு குனிந்தாள். புண்ணின் விளிம்பெல்லாம் அளந்து முடியும்வரை முகத்தை விலக்கவில்லை.

புதிய அச்சை ஊசி பதிக்குமுன் வைத்துப் பார்த்தார்கள். ஒட்டினாற்போல் உட்கார்ந்தது. வேங்கடசுப்ரமணியன் அதன் ஓரமாக விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த கேஸுக்கும் நீயே அளந்துடும்மா" என்றார்.

அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை ஒன்று காலியாக இருந்தது. நஸீரா அதைத் தாண்டிப் போனாள். முன்னால் நீள இருக்கையில் இரண்டு பெண்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் தெரிந்தது. அங்கே போய், இருவர் தோளும் உரச, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.