மூடாமல் விட்ட விண்டோ

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவளுக்கு 'மூணு தடவை' என்று பட்டப்பெயர். வீட்டுக் கதவைப் பூட்டினாலும் மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். "பூட்டே உன்னைப் பார்த்தா பயப்படும்" என்பான் கணவன். பயந்தாங்கொள்ளி என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்தப் பயத்தை நம்பித்தான் நானூறு நோயாளிகளின் மருந்துப் பட்டியலை அவளிடம் விட்டிருந்தார்கள்.

அன்று காலை, ஒத்திகை பார்க்க வைத்திருக்கிற சோதனைப் பட்டியலைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். எந்தப் பட்டியலில் கை வைக்கிறோம் என்பதை வேரியபிள் என்கிற ஒரு குறிப்புச் சொல் சொல்லும். லினக்ஸில் கட்டளை அடிக்கிற டெர்மினல் விண்டோவைத் திறந்ததும் அது முதலில் படிக்கிற தொடக்க ஃபைலில் அதற்கென்று ஒரு வரி. 'அசல்' என்றிருந்ததை 'சோதனை' என்று மாற்றினாள். வழக்கம்போல மூன்று முறை வாசித்தாள். துடைக்கும் கட்டளையை அடித்து என்டரைத் தட்டினாள்.

ஆனால் அவள் தட்டிய விண்டோ, ஃபைலை மாற்றுவதற்கு முன்பே திறந்து வைத்தது. மாற்றிய வரி இனிமேல் திறக்கிற விண்டோவுக்குத்தான் போய்ச் சேரும். பழையது, தான் முதலில் படித்ததையே பிடித்துக்கொண்டிருக்கும். இதைப் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். வேரியபிளைக் காட்டச் சொன்னாள். 'அசல்' என்றது. அழிந்தது நோயாளிகளின் நிஜப் பட்டியல்.

நேற்று எடுத்து வைத்த பேக்கப் நகல் இருந்தது. நாலே நிமிடத்தில் பட்டியல் முழுசாகத் திரும்பியது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் இன்று காலை டாக்டர்கள் மருந்தைக் குறைத்ததும் நிறுத்தியதும் அதில் இல்லை. மேலே வார்டில் அதைப் பார்த்துத்தான் ஊசி போடுவார்கள்.

சொன்னால் வேலை போய்விடும். வார்டுக்குப் பேச ஃபோனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள், வைத்தாள். இப்படியே கால் மணி நேரம் போயிற்று. அதற்குமேல் உட்கார முடியாமல் படியேறி ஓடினாள்.

வார்டு நர்ஸ் ட்ரேயோடு நின்றுகொண்டிருந்தாள்.

"சிஸ்டர், யாருக்கும் ஊசி போடாதீங்க. ஸ்க்ரீன்ல இருக்கறது நேத்து பட்டியல்."

"எல்லாம் சரியாத்தானே இருக்கு? யார் சொன்னது?"

"இன்னிக்குப் பட்டியலை அழிச்சதே நான்தான்."

நர்ஸ் ட்ரேயை மேஜைமேல் வைத்தாள். டாக்டரைக் கூப்பிட ஃபோனை எடுத்தவள், ஐந்தாம் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அவருக்கு இப்பத்தான் போட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகலை."