குடைக்காரனின் மூக்கு

ஓமலூர் போகும் வண்டிப்பாதையில், அம்மன் கோயிலுக்கு முன்னால் பாளையக்காரர் காலத்து மண்டபம் ஒன்று இருந்தது. சோறு போடுவதாகச் சொன்னதால் அங்கே வேலை செய்த கொத்தனாரிடம் சேர்ந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சாரம் ஏற அது போதுமாக இருந்தது.

மண்டபத்தின் கூரை முழுக்க ஒரு கல்யாண ஊர்வலத்தை எழுதியிருந்தார்கள். விளக்குப் புகையில் கறுத்திருந்தது. மல்லாந்து படுத்துப் பார்த்தால் குதிரைகளும் பல்லக்கும் தெரியும். குடை பிடித்த ஒருவன் மட்டும் தும்மப் போகிறவன் போல முகத்தைச் சுளித்திருந்தான். ஏன் என்று யோசித்துக்கொண்டே வேலை செய்வேன்.

படம் எழுதிய காரை கல்லை விட்டு உப்பியிருந்தது. தட்டினால் காலிப் பானைச் சத்தம் வரும். அம்மன் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. கோயில் தர்மகர்த்தா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "நோம்பியன்னிக்குச் சனத்து மேல ஒரு துணுக்கு உழுந்தாலும் பூராத்தையும் கொத்திப்போட்டு வெள்ளை அடிச்சுருவேன்."

கொத்தனார் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட்டு மோர் பதத்துக்குக் கரைப்பார். அதைப் பப்பாளிக் காம்பில் நிரப்பி, விரிசலுக்குள் நான் ஊதி ஏற்றுவேன். உதடு வெந்துபோகும். பிறகு, தறிக்காரர் வீட்டில் வாங்கிய கழிவுநூலைப் பலகையில் மெத்தையாகச் சுற்றி, காரையோடு சேர்த்து மூங்கிலால் முட்டுக் கொடுப்போம்.

நோம்பிக்கு முந்தின நாள் வெல்லத்துக்கு எறும்பு வந்தது. குடைக்காரனின் பக்கத்து விரிசலில் நுழைந்தவை எங்கே போகின்றன என்று பார்த்தேன். கூரையின் மறுகோடியில், கடைசிக் குதிரையின் குளம்படியில் வெளியே வந்தன.

கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப நடுவுல பூராமே பொக்குடா. நாளைக்கு மோளம் அடிச்சா அத்தனையும் வந்துரும்."

திருவிழாவுக்கு மேளம் அடிக்கும் தப்பட்டைக்காரர்களிடம் போய்ச் சொன்னோம். அவர்களில் மூத்தவர் சிரித்தார். "ஏனுங்க கொத்தரே, எங்க அடிக்கு அம்மனே எறங்கி வருவா, உங்க காரை வரக்கூடாதுங்களா?"

"வந்துட்டாப் படமே இருக்காதப்பா."

"படத்துல மோளக்காரன் இருக்கறானுங்களா?"

"ஊர்வலத்துல முன்னால போறதே அவந்தான்."

"அப்பச் செரிங்க. மண்டபத்துக்குள்ள அடிக்கல."

மறுநாள் அம்மன் மண்டபத்துக்குள் வந்ததும் மேளம் நின்றது. தப்பட்டைகளைத் தட்டுப் போல மல்லாக்கப் பிடித்து நடந்தார்கள். சாரத்தை ஓரமாக ஒதுக்கியிருந்தோம். நான் அதன்மேல் படுத்து, பலகையைக் கையால் தாங்கியிருந்தேன். அம்மனைத் தூக்கி வந்தவர்களின் மூச்சு கேட்டது. அப்போது கீழே டொப்பென்று ஒரு சத்தம்.

முன்னால் போன தர்மகர்த்தா திரும்பினார். "என்னடா சத்தம்?"

மூத்தவரின் உள்ளங்கை தப்பட்டைத் தோலின்மேல் கவிழ்ந்திருந்தது. "வெரலு பட்டுருச்சுங்க சாமி."

தர்மகர்த்தா அண்ணாந்து பார்த்தார். கூரை இருந்தது. நடந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு மூத்தவர் தப்பட்டையில் விழுந்திருந்த துணுக்கைக் கொடுத்தார். நகத்தளவுதான். கொத்தனார் ஈரப் பஞ்சால் புகையைத் துடைத்ததும் பச்சை நிறம் வந்தது. மயிரிழைக் கோடுகளாக ஆறு கால்கள். பொன்வண்டு!

அதை எடுத்துக்கொண்டு ஊர்வலம் முழுக்க இடம் தேடினேன். குடைக்காரனின் மூக்கு நுனியில் சரியாகப் பொருந்தியது. பாவம், இரண்டு கையிலும் குடை. எப்படித் தட்டிவிடுவான்?

சுண்ணாம்பு தொட்டு அங்கேயே ஒட்டினேன்.