விமானம் கடக்க நாற்பத்தைந்து விநாடி

1. கோதுமைக்கு நடுவே

வேலையில் சேர்ந்த முதல் நாளே பேச்சு வாங்கினேன். டெல்லியில் டாக்குமெண்டரி எடுக்கும் சின்னக் கம்பெனி அது. லோதி ரோடு பக்கம் ஒரு வீட்டு மொட்டைமாடி அறைதான் ஆபீஸ். டைரக்டர் டாண்டன், கேமராமேன் ஒருவர், சவுண்டுக்கு நான். எழுபதுகளின் நடுப்பகுதி.

அன்றைக்கு ஒரு வேளாண்மை அதிகாரி கோதுமையைப் பற்றிப் பேசினார். நாக்ரா டேப் ரெக்கார்டரில் லெவல் முள்ளைப் பார்த்துக்கொண்டு, அவர் பேச்சை ரசித்தபடி உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் போட்டுக் கேட்டால் கோதுமைக்கு நடுவே ஒரு விமானம் முழுசாகப் போயிருந்தது. காதில் ஹெட்போன் இருந்தும் அதை நான் கவனிக்கவில்லை.

டாண்டன் கத்துகிற ஆள் கிடையாது. இந்தியும் இங்கிலீஷும் கலந்து மெதுவாகச் சொன்னார்: "அவர் என்ன சொல்றார்னு கேக்கறதுக்கு நான் இருக்கேன். நீ மத்த சத்தத்தைக் கேளு. இல்லேன்னா ஊருக்கு டிக்கெட் எடு."

கோவில்பட்டிக்குத் திரும்பிப் போய் என்ன செய்வது? மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன்.

2. நோட்டு

அப்போது முனிர்காவில் ஒரு அறையில் குடியிருந்தேன். பாலம் விமான நிலையத்தில் இறங்குகிற விமானங்கள் பெரும்பாலும் எங்கள் தலைக்கு மேலேதான் போகும். வாடகை குறைவாக இருந்ததற்கு அதுதான் காரணம் என்று வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தப் போனாலும் நோட்டோடு போவேன். வால் பக்கம் இரண்டு எஞ்சின், முக்கோணமாக ஜன்னல் என்றால் கேரவெல். ஜன்னல் தெரிகிற உயரத்தில்தான் அவை வரும். குட்டையான உடம்பு, இறக்கைக்கு அடியில் ஒட்டினாற்போல இரண்டு எஞ்சின், அது 737. இரண்டு காற்றாடி சுற்றி, இறக்கை உடம்புக்கு மேலே இருந்தால் ஃபாக்கர். கீழே இருந்தால் ஆவ்ரோ. நாலு எஞ்சின், பின்னால் கரும்புகை, வால் உச்சியில் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி, அது 707. ஜம்போவை யாரும் சொல்லித்தர வேண்டாம், நெற்றி புடைத்திருக்கும். எனக்குத் தண்ணி காட்டியவை லண்டனிலிருந்து வரும் விசி-10ம் மாஸ்கோவிலிருந்து வரும் இல்யூஷினும். இரண்டுக்கும் வாலருகே நாலு எஞ்சின். கிட்டே வந்து வண்ணம் தெரிந்தால்தான் நிச்சயம்.

பெயர் தெரிந்து என்ன லாபம் என்று கேட்கலாம். எது என்று தெரிந்தால் அதன் சத்தம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்லிவிடலாம். 737 முப்பது விநாடியில் ஒழிந்துவிடும். ஆவ்ரோ சாவகாசமாகப் போகும், அதற்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் வேண்டும். 707க்கு நாற்பத்தைந்து. எல்லாவற்றையும் கடிகாரம் வைத்து எண்ணி நோட்டில் எழுதினேன்.

அதன்பிறகு ஷூட்டிங்கில் தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்ததும் கையைத் தூக்குவேன். "கித்னா?" என்பார் டாண்டன், எவ்வளவு நேரம் என்று. விமானத்தின் பெயரையும் விநாடியையும் சொல்லி நாக்ராவை நிறுத்துவேன். டேப் கிடைப்பது பெரிய பாடு, அதனால் ஓடவிட மாட்டோம். எல்லோரும் அப்படி அப்படியே நிற்பார்கள். ஒரு தடவை ஒரு பெரிய அதிகாரி திறந்த வாயோடு நின்றார். எனக்குக் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது, மறைப்பானேன்.

3. எஸ்தர் சிஸ்டர்

சில வருஷம் கழித்து, வெளியூரிலிருந்து டெல்லி வந்து வேலை பார்க்கும் நர்ஸ்களைப் பற்றி ஒரு படம் எடுத்தோம். தெற்கு டெல்லியில் ஓர் ஆஸ்பத்திரி. ஜனவரி மாதம்.

அந்த ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் முன்புதான் ஆக்ஸிஜன் சிலிண்டர் காலியாக இருந்து ஒரு குழந்தை இறந்திருந்தது. காலியானதை யாரிடமும் சொல்லவில்லை என்று குழந்தைகள் வார்டு ஆயா சாந்தி தேவியை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். சொன்னேன் என்று அவள் சாதித்தாள், யாரும் நம்பவில்லை. மேல் விசாரணைக்கு எழுதிப் போட்டுவிட்டு தினமும் கேட் அருகே வந்து நிற்பாள். நாங்கள் சாமான் இறக்கும்போது, இந்தப் படத்தை மந்திரி பார்ப்பாரா என்று இந்தியில் கேட்டாள். முதல் காட்சிக்கு அவர்தான் வரப்போகிறார். ஆமாம் என்றேன்.

நாங்கள் பேட்டி எடுக்க வந்த எஸ்தர் சிஸ்டருக்கு அதே வார்டு. ஊர் எங்கள் பக்கத்து நாசரேத். நான் கோவில்பட்டி என்றதும் அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "அவங்க பாஷையிலேயே பேசட்டும், நீயே கேள்வி கேளு, இந்திக் குரலை அப்புறம் மேலே போட்டுக்கலாம்," என்றார் டாண்டன்.

நர்ஸ் ஹாஸ்டல் மொட்டைமாடியில் நாற்காலி போட்டோம். காலையில் பனிமூட்டம். பதினோரு மணிக்கு அது விலகியதும், காத்திருந்த விமானங்கள் வரிசையாக வரத் தொடங்கின. முதலில் வந்ததை விசி-10 என்றேன், அது இல்யூஷின். டாண்டன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

சேலை முந்தானையில் மைக்கைக் குத்தும்போது எஸ்தர் மெதுவாகச் சொன்னார். "அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லணும். ராத்திரி பூரா ஜெபம் பண்ணி முடிவு பண்ணியிருக்கேன். மிஷின்ல பதிஞ்சுருமா?"

"பதியும் சிஸ்டர்."

"பதிஞ்சுட்டுன்னா பொறவு நான் மாத்திப் பேச முடியாதுல்லா?"

"முடியாது."

"அதான் வேணும்."

நாக்ரா ஓடியது. ஊர், படிப்பு, முதல் ரயில் பயணம் எல்லாம் சொன்னார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "பிள்ளைய வார்டுல நடந்தத சொல்லுதேன். மொத நாளு சாயங்காலமே சாந்தி எங்கிட்ட வந்து..."

கிழக்கே கரும்புகை தெரிந்தது. நான் கையைத் தூக்கினேன்.

"கித்னா?"

"போயிங் 707. நாற்பத்தைந்து." நாக்ராவை நிறுத்தினேன்.

டாண்டன் அண்ணாந்து பார்த்தார். வால் கம்பி தெரிகிற அளவுக்குக் கிட்டே வந்ததும் "ஷாபாஷ்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எஸ்தரும் முதலில் மேலே பார்த்தார். பிறகு கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் கீழே ஆஸ்பத்திரியைப் பார்த்தார். நான் விநாடியை எண்ணிக்கொண்டிருந்தேன். கணக்கு ஒரு விநாடிகூடப் பிசகவில்லை.

"ரன்னிங். பேசுங்க சிஸ்டர்."

"மொத நாளு சாயங்காலமே சாந்தி எங்கிட்ட வந்து, பிள்ளைய எல்லாம் நல்லா சாப்ட்டுட்டுன்னு சொன்னா. இங்க எல்லாரும் அப்படித்தான். ஒரு குடும்பம் மாதிரி இருக்கோம்."

"வேற ஏதோ சொல்லணும்னீங்களே?"

"அவ்வளவுதான் அண்ணாச்சி." மைக்கை அவரே கழற்றிக் கொடுத்தார்.

கடைசியில் என்ன சொன்னார் என்று டாண்டன் கேட்டார். குடும்பம் மாதிரி என்றார் என்றேன். "பஹுத் அச்சா," என்று அதையே படத்தின் முடிவில் வைத்துவிட்டார். மந்திரி கைதட்டினார்.

4. பிறகு

சாந்தி தேவியின் மனு தள்ளுபடியானது. கேட் வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். எனக்கு இருப்புக் கொள்ளாமல், ஒரு மத்தியானம் எஸ்தரைப் பார்க்கப் போனேன். கேண்டீனில் எதிரெதிராக உட்கார்ந்தோம். நான் டீ சொன்னேன்.

"சிலிண்டர் காலின்னு அவ எங்கிட்ட சொன்னா அண்ணாச்சி. ஸ்டோருக்கு எழுத நான் மறந்துட்டேன்," என்றார். "அன்னைக்கு சொல்லத்தான் வந்தேன். நீங்க கையத் தூக்குனதும் பேச்சு நின்னுட்டு. கீழ பாத்தேன். ஊர்ல தங்கச்சி படிக்கா, எம் பணம் போயித்தான் அங்க அடுப்பு எரியணும். பிளேன் போறதுக்குள்ள பயம் வந்துட்டு."

டீ ஆறிப்போனது. "கர்த்தர்தான் அந்த பிளேன அனுப்பி என்னக் காப்பாத்துனாருன்னு சில நாளு நெனப்பேன். சில நாளு, அனுப்புனது அவரு இல்லன்னு தோணும்."

இதை மேலிடத்தில் சொல்லுங்கள் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை. டேப்பில் இல்லாததை யார் நம்புவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது கோழைத்தனம் என்று அப்போதே தெரியும். சாந்தி தேவியை அதன்பிறகு கேட்டில் யாரும் பார்க்கவில்லை.

சவுண்ட் டிபார்ட்மெண்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். மனசில் இருப்பதை ஒருவர் சொல்ல ஆரம்பித்துவிட்டால் எதற்காகவும் நிறுத்தாதீர்கள். அதற்குப் பிறகு நான் எடுத்த டேப்புகளில் விமானச் சத்தம் நிறைய இருக்கும். எடிட்டிங்கில் திட்டுவார்கள். திட்டிவிட்டுப் போகட்டும்.

எஸ்தரிடம் நான் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அந்த மைக் அவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தலைக்கு மேல் 707 போனாலும் அவர் பேசுவது புரிகிற அளவுக்குப் பதிந்திருக்கும். அதன்மேல் இந்திக் குரல் வேறு வரப்போகிறது. நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். இந்தத் தடவை சரியாகச் சொல்வதை டாண்டன் பார்க்க வேண்டும் என்றுதான் கையைத் தூக்கினேன்.