வேளி மணல் திட்டில் கூடாரமும் ஒரு கடுதாசியும்

“சார், காயல் மேல நிக்கு, கடல் கீழ கெடக்குன்னு சொல்லுகிய. அப்போ நடுவுல இருக்க மணலத் தாண்டித் தண்ணி ஏன் வழியல்ல?” என்று நான்காம் பாரத்தில் ஒரு மாணவன் என்னிடம் கேட்டான். பூகோள வகுப்பு; கடலோர உப்பங்கழியான வேளிக் காயலைப் பற்றிய பாடம். நான் சோற்றை உதாரணம் காட்டினேன். இலையில் சோற்றை வட்டமாக ஒதுக்கி நடுவில் ரசம் விட்டால் சோற்றுக்கரை கொஞ்ச நேரம் தாங்கும் அல்லவா, அதுபோல என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். எனக்குத்தான் உறுத்தியது. திருவனந்தபுரத்தில் முப்பத்தொரு வருஷம் பாடம் சொன்னவன், ஐந்தாறு மைலில் இருக்கும் அந்த மணல்கரையைக் கிட்டே நின்று பார்த்ததில்லை.

சென்ற ஆனியில் எனக்கு உத்தியோகம் முடிந்தது. அன்றுமுதல் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரே நாளில் சாலைக் கடைத்தெருவுக்கு மூன்று முறை போய்வருவேன். “உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை. கடைக்காரன் உங்களப் பாத்தாலே எந்திரிச்சு நிக்கான். எங்கயாவது போய்க் காத்து வாங்கீட்டு வாருங்க” என்றாள் என் மனைவி செல்லம்மாள். நீயும் வந்தால் போகிறேன் என்றேன். வருகிறேன் என்று சொல்வாள் என நான் எதிர்பார்க்கவில்லை.

அப்படித்தான் மார்கழிக் கடைசியில், வேளிக் காயலுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல் திட்டில் மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்கினோம். அதேபோல் போக நினைப்பவர்களுக்காக நேரம், தூரம், செலவு எல்லாம் எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பயணத்தில், அறுப்புக்கு எட்டு நாள் இருந்த ஒருவருடைய நெல், என் காரணமாக இரண்டு நாளுக்குமேல் தண்ணீரில் நின்றது. எங்களை வள்ளத்தில் ஏற்றிச் சென்ற படகுக்காரர் கேசவனின் நெல் அது. படிக்கும்போது அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே இருந்தபோது எனக்கு அது தெரியாது.

மூன்றாவதாக எங்களோடு வந்தவர் சங்கரலிங்கம் பிள்ளை. திருநெல்வேலிக்காரர், சாலைக் கடைத்தெருவில் கித்தான் துணியும் கயிறும் மொத்தமாக விற்பவர். இரண்டு கூடாரமும் அவருடையவை. நான் செய்த ஏற்பாடு ஒன்றே ஒன்று. உரிய அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதி, ‘புதன்கிழமை நடுப்பகல் முதல் சனிக்கிழமை நடுப்பகல் வரை வேளி மணல் திட்டை உபயோகித்துக்கொள்ளலாம்’ என்று முத்திரையோடு ஒரு கடுதாசி வாங்கினேன். அப்படி ஒரு கடுதாசி இதுவரை யாரும் கேட்டதில்லையாம். எழுதிக் கொடுத்தவர் என் பழைய மாணவர். மறுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தைய மூன்று நாளும் பருவம் தப்பிய மழை. செவ்வாய் மாலை ஓய்ந்து வெறித்தது. புதன் காலை ஆறரைக்கு வில்வண்டியில் கிளம்பி, இருபத்தைந்து நிமிஷத்தில் வள்ளக்கடவு சேர்ந்தோம். வண்டிக் கூலி ஆறு சக்கரக் காசு. அங்கிருந்து புத்தனாறு என்ற கால்வாய் வழியாக வேளிக்கு வள்ளம். போகவர ஒரு ரூபாய் என்று முன்னாலேயே பேசிக்கொண்டோம். மழைத் தண்ணீர் நிரம்பியிருந்ததால் கேசவன் கரையோரமாகவே கழி ஊன்றி மெதுவாகத் தள்ளினார். நான்கு மைலுக்கு இரண்டேகால் மணி நேரம். சாலைக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றியிறக்கிப் பழகிய தமிழ் அவருடையது, பாதி மலையாளம். இறங்கும்போது கடுதாசியைக் காட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி, முத்திரையை மட்டும் பார்த்தார்.

“எந்த நாள் வரைக்கும் சாரே?”

“சனிக்கிழமை மத்தியானம்.”

“வெள்ளியாழ்ச்சயே போகுமோ?”

“போகமாட்டோம்.”

“செரி சாரே. சும்மா கேட்டதாக்கும்.”

இடம் அழகு என்பதில் சந்தேகமில்லை. யாரும் நட்டு வளர்க்காத பூங்கா என்று சொல்லலாம். தெற்கே வெட்டுக்கல் குன்று, வடக்கே தென்னந்தோப்பு, கிழக்கே அசையாமல் காயல், மேற்கே ஓயாமல் கடல். நடுவில் நூறு கஜ அகலத்தில் வெண்மணல். அந்தத் திட்டில் ஓரிடம் மட்டும் குதிரைமுதுகு போல் தாழ்ந்திருந்தது. காற்றுக்கு மறைவு என்று அங்கேயே கூடாரம் அடிக்கச் சொன்னேன். நாய் வராமலிருக்கப் பிள்ளை சுற்றிலும் எட்டு முளை அடித்து வடக்கயிறு கட்டினார். தடுக்கி விழாமலிருக்க முளைக்கொரு சிவப்புத் துணியும் முடிந்தார். கடுதாசியை நான் கூடாரக் காலில் மாட்டினேன்.

மார்கழிக் குளிரைப் பற்றிப் பயம் வேண்டாம். விடியற்காலைக்கு ஒரு துப்பட்டி போதும். காற்றுத்தான் உட்காரவிடாது. புளிச்சோற்றில் மணல், கண்ணில் மணல், போர்வைக்குள் மணல். வியாழக்கிழமை ஒரே பகலில் கூடாரத்தைக் கயிற்றுக்குள்ளேயே மூன்று இடம் மாற்றினேன். “பூனை குட்டியத் தூக்கிட்டு அலையுத மாதிரி அலையுகிய. ஒரு எடத்துல இருக்கத்தானே இங்க வந்தோம்?” என்றாள் செல்லம்மாள். எனக்கு எந்தப் பக்கம் திரும்பி உட்கார்வது என்றே தெரியவில்லை. கடலைப் பார்த்தால் முதுகில் காயல் இருப்பது தொந்தரவாக இருந்தது. காயலைப் பார்த்தால் கடல் சத்தம்.

ஆகவே ஒரு வேலை உண்டாக்கிக்கொண்டேன். தென்னைமட்டை ஒன்றைச் சீவி, அங்குலக் கோடு போட்டுக் காயலோரம் நட்டேன். புதன் மாலை தண்ணீர் ஓரங்குலம் ஏறியிருந்தது. வியாழன் காலை இரண்டரை. மாலையில் நான்கு. மழை நின்ற பிறகும் மேட்டுத் தண்ணீர் வடிந்து வந்துகொண்டே இருந்தது. பாடத்தில் சொன்னது கண்முன் நடக்கிறது என்று சந்தோஷமாக நோட்டில் குறித்துவைத்தேன்.

வியாழன் பகல் பத்து மணிவாக்கில் ஏழெட்டுப் பேர் மண்வெட்டியோடு வந்து, கயிற்றுக்கு அப்பால் நின்றார்கள். கேசவனும் அவர்களில் இருந்தார். “நம்மளப் பாக்க வந்த கூட்டம் சார்வாள். டிக்கெட்டு வச்சிருக்கலாம்” என்றார் பிள்ளை. கடுதாசியில் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். அறிய ஆசைப்படுகிறார்களே என்று, வகுப்பில் வாசிப்பதுபோல் உரக்க வாசித்து, அர்த்தமும் சொன்னேன். ‘சனிக்கிழமை நடுப்பகல் வரை’ என்பதை இரண்டு முறை சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “செரி சாரே” என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். அன்று மாலை கேசவன் தனியாக வந்தார். “காத்து கூடுதல் அல்லே சாரே? அம்மைக்கு ஜலதோஷம் பிடிக்கும், கேட்டோ. நாளை போகுமோ?” என்றார். சவாரிக்கு அவசரப்படுகிறார் என்று எனக்குச் சற்று எரிச்சல். “பேசினபடி சனிக்கிழமைதான்” என்று சொல்லி அனுப்பினேன்.

வெள்ளி காலை செல்லம்மாள் குடிதண்ணீர் எடுக்க வடக்குத் தோப்புக் கிணற்றுக்குப் போனாள். அரை மைல் இருக்கும். திரும்பி வரும்போது மணி எட்டரை. குடம் காலியாக இருந்தது. கையில் ஒரு நெற்கதிர். என்னிடம் நீட்டினாள். ஈரக் கதிர். ஒவ்வொரு மணியின் நுனியிலும் பால்பல் போல வெள்ளை முளை.

“இது எங்க உள்ளது?”

“கேசவன் வயல் நெல்லு. தண்ணிக்குள்ள சாஞ்சு கதிரிலயே முளைக்கி. அவன் பெஞ்சாதி இடுப்புத் தண்ணியில நின்னு கையால ஒடிச்சு எடுத்துக்கிட்டு இருக்கா.”

“மழதான் விட்டாச்சே. தண்ணி வடியல்லியா?”

“எப்படி வடியும்? வருஷா வருஷம் காயல் பொங்கினா இந்தத் திட்டை வெட்டிக் கடலுக்கு விடுவாங்களாம். வெட்டுத எடம் ஒண்ணுதான். அந்த எடத்துல நாம கயிறு கட்டிப் படுத்துக் கெடக்கோம்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“முத்திரை போட்ட கடுதாசியை நீங்கதான நின்னு வாசிச்சிய? சிவப்புத் துணியும் முளையும் பாத்து சர்க்கார் அளக்க வந்திருக்குன்னு நெனச்சிருக்காங்க. அதுக்கு மேல யாரு வந்து வாயத் தொறப்பா?”

மட்டையைப் பார்த்தேன். ஐந்தரை அங்குலம். ஒவ்வொரு கோடும் எதன்மேல் ஏறியது என்பது அப்போதுதான் விளங்கியது. பிள்ளை என்னைவிட வேகமானவர். எழுந்து இடுப்பிலிருந்த கத்தியால் வடக்கயிற்றை அறுக்க ஆரம்பித்துவிட்டார். “முளையப் புடுங்கிட்டு நிக்க நேரமில்ல சார்வாள். கயிறு போனாப் போகுது, கடையில இன்னும் பத்துக் கட்டுக் கெடக்கு. நீங்க போய் ஆளக் கூட்டிட்டு வாங்க.”

கேசவனின் வயலுக்கு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். வரப்பில் நின்றிருந்தார். காலி செய்துவிட்டோம், வெட்டுங்கள் என்றேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றும் கேட்டேன்.

“எப்போ போகும்னு மூணு வட்டம் கேட்டேனல்லே சாரே.”

“அதுல இருந்து எனக்கு எப்படித் தெரியும்?”

“பள்ளிக்கூடத்து சாரல்லே. பிள்ளைங்க சுத்தி வளைச்சுக் கேட்டாலும் சாருக்கு மனசிலாவும்னு நெனச்சு” என்றார். குரலில் கோபமில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

கடல் இறங்கும் நேரம் பார்த்துத்தான் வெட்டுவார்கள். அன்று அது பிற்பகல் இரண்டு மணிக்கு மேல். முதல் கொத்தை யார் போடுவது என்பதிலும் ஒரு முறை உண்டு. யாருடைய வயல் எல்லோருடையதையும்விடத் தாழ்வோ அவர்தான் போட வேண்டும். இழப்பு அவருக்குத்தானே அதிகம். அந்த வருஷம் அது கேசவன். இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு ஒரு பாதம் அகலத்தில் வாய்க்கால் கீறிவிட்டு எல்லோரும் விலகினார்கள். முதலில் ஓணான் ஓடுவதுபோல் ஒரு கோடு தண்ணீர். ஐந்து நிமிஷம் ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது. பிறகு இரு ஓரமும் தொப்தொப்பென்று விழத் தொடங்கின. இரண்டரைக்கு ஒரு கஜம். நான்கு மணிக்கு நாங்கள் படுத்திருந்த இடம், சமைத்த இடம், பிடுங்காமல் விட்ட முளைகள் எல்லாம் போய், முப்பதடி அகலத்தில் பழுப்புத் தண்ணீர் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. என் மட்டையும் போயிற்று. நான் கரையோரம் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தேன். இனி வயலில் எவ்வளவு மிஞ்சும் என்பதைத் தவிர வேறு எண்ணமில்லை.

முன்னதாகவே கழற்றி எடுத்த கூடாரங்களைக் குன்றின் சரிவில் அடித்து அன்றிரவு தங்கினோம். சனிக்கிழமை நாங்கள் கிளம்பவில்லை. வயல் வெளியே தெரிந்தது. கதிரெல்லாம் சேற்றில் படிந்திருந்தது. அன்றே அறுத்து அன்றே உலர்த்தாவிட்டால் மீதியும் முளைத்துவிடும். ஆனால் ஊரில் ஈரமில்லாத களம் கிடையாது. பிள்ளை இரண்டு கூடாரத் துணியையும் வெட்டுக்கல் குன்றின்மேல் விரித்தார். கேசவனின் மனைவி பார்கவி முதல் கட்டைக் கொண்டுவந்து, அவ்வளவு பெரிய துணியில் கொட்டலாமா என்று தயங்கி நின்றார். “கொட்டும்மா. சார்வாளப் போத்திக் கெடந்தத விட இது நல்ல வேலை” என்றார் பிள்ளை. மாலைவரை நானும் செல்லம்மாளும் அந்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே நடந்தோம். ஆறு மாதத்தில் அன்றுதான் எனக்கு நடப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் கூடாரத் துணிகளைப் பிள்ளை திரும்ப எடுத்துவரவில்லை.

பத்து நாள் கழித்துக் கேசவன் சரக்கோடு சாலைக் கடைத்தெருவுக்கு வந்தார். வழக்கமாக நாற்பது பறை நெல் விளையும் வயலாம். இந்த முறை இருபத்திரண்டு. புதன்கிழமையே வெட்டியிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று கேட்டேன். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: “முப்பத்தஞ்சு கிட்டும் சாரே.” என்னைத் தேற்றும்படி வேறு எதையும் சேர்க்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. பதின்மூன்று பறை என்பது அவர் வீட்டு ஐந்து பேருக்கு ஏறக்குறைய இரண்டு மாதச் சோறு. தண்ணீர் ஏறியதைச் சந்தோஷமாகக் குறித்த நோட்டு இப்போதும் என் மேசையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் கீழ் இந்தக் கணக்கையும் எழுதியிருக்கிறேன். ஒரே இடத்தைப் பற்றிய இரண்டு செய்தியும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும் என்று.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மார்கழியைவிடத் தை பாதிக்குமேல் நல்லது. அறுப்பு முடிந்திருக்கும், காற்றும் தணிந்திருக்கும். அனுமதிக் கடுதாசி தேவையில்லை, கொண்டுபோகவும் வேண்டாம். தாழ்ந்த இடத்தில் கூடாரம் அடிக்காதீர்கள். குன்றின் சரிவில் மூன்று தென்னைகளுக்குக் கீழே சமதளம் இருக்கிறது, கடலும் காயலும் அங்கிருந்து ஒன்றாகத் தெரியும். குடிதண்ணீர் வடக்குத் தோப்பில் மட்டும்தான். ஆளுக்கு இரண்டு குடம் வேண்டும். மூன்று பேருக்கு வண்டி, வள்ளம், சாமான் எல்லாம் சேர்த்து இரண்டரை ரூபாய்க்குள் முடியும். பொழி என்று அவர்கள் சொல்லும் அந்த மணல் வாயை வெட்டியிருந்தால் திரும்பும்போது காயலில் தண்ணீர் குறைந்திருக்கும். முதல் அரை மைல் வள்ளத்தை விட்டிறங்கி நடக்க நேரிடும்.

அங்கே போய்ச் சேர்ந்ததும், மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால், அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் “நாங்க இங்க தங்கினா உங்களுக்கு எந்த வேலை நிக்கும்?” என்று கேட்டு, அவர் முதலில் “ஒண்ணுமில்ல” என்று சொன்னாலும் இரண்டாம் முறை வாய் திறக்கும்வரை காத்திருந்து பாருங்கள்.