நாவலில் இல்லாத சொல்

மயில்துத்தம் கலந்த மைதாப் பசைக்கு ஒரு வாசனை உண்டு. கசப்பும் துருவும் சேர்ந்ததுபோன்ற அந்த வாசனை, நான் முதன்முதலாக வாசித்த நாவலின் முதுகுத் தையலிலிருந்து வந்தது. நாவல் என்றால் கடையில் விலைக்கு வாங்கியதல்ல. வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்ததை யாரோ வாரம் தவறாமல் கிழித்துச் சேர்த்து, அட்டை போட்டு, பைண்டிங் செய்து வைத்திருந்த தொகுப்பு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்பார்கள். அப்படி ஒரு சொல்தா வீட்டில் அம்மா சில காலம் பாத்திரம் தேய்த்தாள். அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு பாரீசுக்குக் கிளம்பியபோது, பழைய பேப்பர்காரருக்குப் போடக் கட்டிவைத்திருந்த குவியலிலிருந்து, "எம் பொண்ணு படிக்கும்மா" என்று சொல்லி அதைக் கேட்டு வாங்கிவந்தாள்.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். அப்பா, மில் மூடியபிறகு சென்ட்ரிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. இரண்டு பக்கத்து வம்சத்திலும் பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். ஏழாம் வகுப்பில் தமிழில் என்னை யாரும் முந்தியதில்லை. அந்தக் கர்வம் எனக்கு அப்போதே இருந்தது, இப்போதும் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

அந்தத் தொகுப்பை நான் ஒரேயடியாக வாசிக்கவில்லை. அம்மா வேலையிலிருந்து ஆறு மணிக்கு வந்து, முகம் கழுவி, அரிவாள்மணையோடு உட்காருவாள். அவள் காய் நறுக்கி முடிப்பதற்குள் ஒரு வாரத்துக் கதையை உரக்கப் படித்துவிடுவேன். பக்கத்தின் பின்புறத்தில் பாதி ஜோக்கும் பாதி சமையல் குறிப்பும் இருக்கும். அம்மா அவற்றையும் விடமாட்டாள். நடுவில் இரண்டு வாரங்கள் இல்லை. நான் பதறிப்போய்ப் புரட்டியபோது, "அந்த ரெண்டு வாரம் அவங்க ஊருக்குப் போயிருப்பாங்க, உடு" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயை எடுத்தாள்.

பெரிய பங்களாவில் அண்ணனால் ஒதுக்கிவைக்கப்பட்டு, யாருக்கும் தலைவணங்காமல் வாழ்கிற ஒரு பெண்ணின் கதை அது. அந்தப் பெண் பேசிய தமிழை நான் அதற்குமுன் எங்கும் கேட்டதில்லை, எங்கள் தெருவிலும் இல்லை, பாடப் புத்தகத்திலும் இல்லை. 'நிராதரவு', 'இறுமாப்பு', 'அவலம்', 'வைராக்கியம்', 'கல்நெஞ்சம்' என்று சொற்கள் வந்துகொண்டே இருந்தன. அகராதி என்ற ஒன்று இருப்பது தெரியும், பார்த்ததில்லை. முன்னால் என்ன நடந்தது, பின்னால் யார் அழுதார்கள் என்று பார்த்து நானே அர்த்தம் கண்டுபிடித்து, கிழித்த தினக்காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதிவைப்பேன். பொட்டலம் கட்டும் கடைக்காரர் கையால் எடை பார்ப்பதுபோல ஒவ்வொரு சொல்லையும் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன்.

கதையை ஆரம்பிக்கும் முன்பு அம்மா கேட்பாள்: "இன்னிக்கு என்னா புது வார்த்த?" நான் சொல்வேன். மறுநாள் அதை அவள் எங்காவது பயன்படுத்திவிட்டு வந்து சொல்வாள். ஒருநாள் குழாயில் தண்ணீர் நின்றுபோனபோது, குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் நடுவே, "என்னா அவலம் இது!" என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா அதையே பிடித்துக்கொண்டு ஒரு வாரம் கேலி செய்தாள். "யக்கா, ஒங்க ஊட்டு அவலம் ஆயிடுச்சா? எங்க ஊட்ல இப்பதான் அடுப்புல வெச்சிருக்கேன்." அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். என் வாழ்க்கையில் அம்மா அப்படிச் சிரித்த மாதங்கள் அவைதாம்.

அம்மாவும் அஞ்சலை அக்காவும் மேட்டுப்பாளையத்தில் சோப்புத்தூளைப் பாக்கெட் போடும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை பார்த்தார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. அங்கே பெண்களுக்கு ஒரு கழிப்பறை இருந்தது, ஆனால் பூட்டியிருக்கும். சாவி, வாசல் கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனின் இடுப்பு வளையத்தில் தொங்கும். ஒவ்வொரு தடவையும் லாரி டிரைவர்களும் லோடு ஏற்றுகிறவர்களும் நிற்கும் இடத்தைக் கடந்துபோய் அவரிடம் கேட்டு வாங்க வேண்டும். "இப்பதான வந்துட்டுப் போன?" என்று எல்லார் காதிலும் விழும்படி அவர் கேட்பாராம். அந்தக் கேள்விக்குப் பயந்து பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம்வரை தண்ணீரே குடிக்காமல் இருந்தார்கள். மேஸ்திரியிடம் பலமுறை வாயால் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அவர் தலையாட்டியதோடு சரி.

மனு எழுதிக் கொடுப்பது என்று ஆறு பெண்கள் சேர்ந்து முடிவு செய்தார்கள். யார் எழுதுவது என்ற பேச்சே எழவில்லை. "எம் பொண்ணு எழுதும்" என்றாள் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆறு பேரும் எங்கள் அறையில் நெருக்கியடித்து உட்கார, நான் கோடு போட்ட தாளில் எழுதினேன். அந்த நாவலில் தங்கை அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதுவாள். அது எனக்கு மனப்பாடம். அதன் நடையில்தான் எழுதினேன். நாங்கள் நிராதரவானவர்கள் என்ற எண்ணமா, எங்கள் அவலம் தங்கள் கல்நெஞ்சைத் தொடவில்லையா, இந்த இறுமாப்பு எத்தனை நாள் நிலைக்கும் என்று எழுதிக்கொண்டே போனேன். எழுதி முடித்து எழுந்து நின்று வாசித்தேன். அஞ்சலை அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் புரியல, ஆனா அழுவ வருதுடி பாப்பா" என்றாள்.

அம்மா மட்டும் கேட்டாள்: "இதுல சாவி எங்க வருது?"

"கடைசியில வருதும்மா" என்றேன். கடைசியில், 'எங்களது அத்தியாவசியத் தேவையை நிறைவேற்றித் தருமாறு' என்று இருந்தது. கழிப்பறை என்று எழுத எனக்குத் தெரியாமலில்லை. எழுதப் பேனாவை வைத்தேன். அவ்வளவு அழகான கடிதத்தில் அந்தச் சொல் அசிங்கமாகத் தெரிந்தது. அந்த நாவலில் யாரும் கழிப்பறைக்குப் போகவே இல்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள், படித்தவளுக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பாள், முதல் ஆளாகக் கட்டைவிரலை மையில் அழுத்தி ரேகை வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மேனேஜர் அம்மாவைக் கூப்பிட்டு, எந்தச் சங்கத்தில் எழுதி வாங்கினாய், எந்தக் கட்சிக்காரன் எழுதிக் கொடுத்தான் என்று கேட்டிருக்கிறார். "எம் பொண்ணுதான் சார் எழுதுச்சி, ஏழாவது படிக்குது" என்று அம்மா சொன்னதற்கு அவர் சிரித்துவிட்டு, நாளைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியனுப்பினார்.

சனிக்கிழமை எனக்குப் பள்ளி விடுமுறை. ஆனாலும் அம்மா, "யூனிபார்ம் போட்டுக்க பாப்பா, படிக்கிற புள்ளன்னு தெரியட்டும்" என்றாள். ரிப்பன் வைத்து இரட்டைச் சடை பின்னிவிட்டாள். பஸ்ஸில் போகும்போது அவளுக்குப் பயமே இல்லை. நான் போய் நின்றால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அறையில் மேனேஜர், ஒரு கிளார்க், மேஸ்திரி. வாசலில் வாட்ச்மேன் சாய்ந்து நின்றிருந்தார். மேனேஜர் மனுவை என்னிடம் நீட்டி, "படி" என்றார். ஒரு பிழை இல்லாமல், ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். கிளார்க் தலையைத் தூக்கிப் பார்த்தார். அம்மாவின் முகம் மலர்ந்தது.

"நல்லாத்தான் படிக்கிற" என்றார் மேனேஜர். "இதுல என்ன கேட்டிருக்க?"

"அத்தியாவசியத் தேவை, சார்."

"அதான் என்ன தேவை? அரிசியா, பருப்பா?"

வாட்ச்மேன் சிரித்தார். நான் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்துச் சொல்லும் தெரியும், தெருவில் புழங்கும் சொல்லும் தெரியும். முன்னால் நான்கு ஆண்கள், எனக்குப் பன்னிரண்டு வயது. வாய் திறக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சொல்லு, சொல்லு என்று அவள் உதடு அசைந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"கக்கூஸ் சாவி சார்" என்றாள் அம்மா கடைசியில். "பொம்பளைங்க கையில குடுத்து வெச்சிடுங்க சார். அவ்ளோதான்."

இந்த முறை கிளார்க்கும் சிரித்தார். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு சாவிக்கா என்னைக் கல்நெஞ்சக்காரன், இறுமாப்பு புடிச்சவன்னு எழுதி ஆறு பேரு ரேகை வெச்சீங்க? தான் என்ன எழுதினோம்னே இந்தப் பொண்ணுக்குச் சொல்லத் தெரியல. எவனோ சொல்லச் சொல்ல எழுதியிருக்கு. பொய்யும் சொல்லிட்டு, புள்ளைய வேற கூட்டிட்டு வந்து நிக்கிற."

மேஸ்திரி அம்மாவை வெளியே அழைத்துவந்து, "திங்கக்கிழமையிலேர்ந்து வர வேணாம்மா" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள், "நல்லாத்தான் பாப்பா எழுதியிருந்த" என்றாள். அதற்குப் பதில் ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

மற்ற ஐந்து பேரும், கிளார்க் எழுதிக் கொடுத்த இரண்டு வரி மன்னிப்புக் கடிதத்தில் ரேகை வைத்துவிட்டு வேலையில் தொடர்ந்தார்கள். சாவி வாட்ச்மேன் இடுப்பிலேயே இருந்தது. அதைச் சொல்ல வந்த அஞ்சலை அக்கா, "எங்களத் தப்பா நெனச்சிக்காதக்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "அந்தக் கருமத்த நேரா எழுதித் தொலச்சிருந்தா இன்னாடி?" என்றாள்.

அம்மா லாஸ்பேட்டையில் குடியிருப்புகளில் பெருக்கித் துடைக்கப் போனாள், பாதிக் கூலிக்கு. சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம் வழக்கம்போலத் தொகுப்பை விரித்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். "நீ மனசுக்குள்ளயே படி பாப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என்ன புது வார்த்தை என்று அவள் அதன்பிறகு கேட்கவே இல்லை. மீதிக் கதையைத் தனியாகப் படித்து முடித்தேன். அந்தப் பெண் கடைசியில் ஜெயித்தாள் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

நான் தமிழில் முதுகலை முடித்து, ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். நாவலில் வரும் புதுச் சொற்களுக்கு அடிக்கோடிடச் சொல்லிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்; கைபேசியில் தட்டினால் அர்த்தம் வந்துவிடுகிறது, அவர்களுக்கு. தொடர்கதையைக் கிழித்துச் சேர்க்கிற வீடுகள் இப்போது இல்லை. சோப்புத்தூள் கம்பெனி இருந்த இடத்தில் ஏதோ ஒரு குடோன் இருக்கிறது. அஞ்சலை அக்கா மகனோடு திருப்பூர் போய்விட்டாள். அப்பா இல்லை.

அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. சர்க்கரையால் இருக்கலாம், பல வருடமாகத் தண்ணீர் சரியாகக் குடிக்காததாலும் இருக்கலாம், இதுதான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிச் சீட்டு எதையும் அம்மா என்னிடம் காட்டுவதில்லை. தெருமுனை மெடிக்கல் கடைத் தம்பியிடம்தான் காட்டி விவரம் கேட்டுக்கொள்வாள். "ஒனக்கு எதுக்கு செரமம்" என்பாள்.

போன வாரம் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, ஸ்கேன் ரிப்போர்ட்டை அவளே எடுத்துவந்து நீட்டினாள்.

"மெடிக்கல்ல இருக்குற புள்ள பூசி மொழுவுது. நீ படி. உள்ளத அப்படியே சொல்லு."

இத்தனை வருடம் கழித்து என்னைப் படிக்கச் சொல்கிறாள். இரண்டு பக்கங்களையும் நிதானமாகப் படித்தேன். எல்லாச் சொல்லும் புரிந்தது; அம்மாவுக்கு இனி எத்தனை நாள் என்பதும் ஏறக்குறைய புரிந்தது. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாத்திர மட்டும் மாத்திக் குடுத்திருக்காங்கம்மா" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் ரிப்போர்ட்டை வாங்கி மடித்து, மறுபடியும் கவரில் போட்டுக்கொண்டு மெடிக்கல் கடைத் தம்பியிடமே கேட்கக் கிளம்பினாள்.