அம்மாவின் சேலை மணம்

எங்கள் வீட்டில் இப்போது காஸ் அடுப்பு. சேலையில் புகை ஏறுவதில்லை. நல்லதுதான். ஆனாலும் போகிற வழியில் எங்கேயாவது உமி எரிந்தால் என் கால் தானாக நின்றுவிடும்.

என் அம்மாவுக்கு அந்த மணம்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில், எங்கள் வட்டையில், வயலில், விளைந்த நெல்லையும் அயல்வீட்டு நெல்லையும் அவிப்பது அவர் வேலை. மாரியில் வெளியே மழை என்பதால், சமைக்கிற குசினிக்குள்ளேயே உமி போட்டு எரிப்பார். கூரை, சுவர், அம்மாவின் தலைமயிர் எல்லாம் ஒரே மணம். கூடவே இருமலும் இருந்தது. அதை யாரும் ஒரு வருத்தமாக, நோயாக எண்ணவில்லை. அம்மா வீட்டு வளவில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று அறிய எங்களுக்கு அது உதவியது.

ஒரு மாரியில், விடிந்த கையோடு, அம்மாவுக்கு மூச்சு எடுபடவில்லை. அப்பா தோணியில் கிடத்தி வாவியைக் கடந்தார். வீட்டில் ஆள் இல்லாததால் நானும் போனேன். அக்கரையில் கார் பிடித்துப் பட்டணத்து ஆஸ்பத்திரி. அங்கே அம்மாவின் நனைந்த சேலையை மாற்றி, சுருட்டி என் கையில் தந்துவிட்டு, மூக்கில் குழாய் வைத்துக் காற்றைத் திறந்துவிட்டார்கள். இழுப்பு அடங்கியது. அப்பாவின் முகம் தெளிந்தது. ஆனால் அம்மா தூங்கத் தொடங்கினார். தட்டினால் முனகிவிட்டு மறுபடி கண்ணை மூடினார்.

டொக்டர் வந்து, நெடுநாள் வருத்தமா என்று கேட்டார். இன்று காலையில்தான் என்றார் அப்பா.

“புகை குடிக்கிறவவா?”

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஐயா, என்ட பொஞ்சாதி சுருட்டைக் கையாலயும் தொடமாட்டா.”

வீட்டில் புகை உண்டா என்றும் கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்றார் அப்பா. அவர் பொய் சொல்லவில்லை. நெல் அவிப்பது எங்கள் ஊரில் வேலை. அதைப் புகை என்று யார் சொன்னார்கள்?

நான் சேலையில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தேன். வேற்றாள் முன்னால் வாய் திறவாத பிள்ளை நான். டொக்டர் குனிந்து, அழுக்குச் சேலை, அதைத் தா என்றார். கொடுக்கவில்லை.

“இது அம்மாட மணம்.”

அவர் சேலையை என் கையோடு தூக்கி மோந்தார். பிறகு விறுவிறென்று போய்க் காற்றுத் திருகைக் குறைத்தார். மூச்சில்லாதவளுக்குக் காற்றைக் குறைப்பதா என்று அப்பா அவர் கையைப் பிடிக்கப் போனார்.

“வருசக்கணக்கா புகை குடிச்ச நெஞ்சு இது. காத்தையும் அளந்துதான் குடுக்கணும். கூடினா மயங்கிரும்.”

பொழுது சாயும்போது அம்மா கண் விழித்து, கோழி அடைத்தாயிற்றா என்று கேட்டார்.

அதன்பிறகு நெல் ஆலைக்குப் போனது. அம்மாவிடம் சோப்பு மணத்தது. நான் அந்தச் சேலையைத் துவைக்க விடாமல் பெட்டியில் ஒளித்து, படுக்கும்போது எடுத்து அணைத்துக்கொள்வேன். ஒருநாள் அம்மா அதைக் கண்டு விரித்தார், இருமினார், சிரித்தார்.

“உனக்கு நான் வேணுமா புள்ள, இந்தப் புகை வேணுமா?”

“ரெண்டும்” என்றேன்.

மறுநாள் சேலை வேலியில் காய்ந்தது. ஓடிப்போய் மோந்தேன். வெயில் மணம் மட்டுமே. அம்மாவையே கழுவி ஊற்றிவிட்டதாக அழுதேன். அம்மா எனக்குப் பின்னால்தான் நின்றார், இருமாமல். அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியாமல், திரும்பிப் பாராமல், சேலையையே பிடித்துக்கொண்டு நின்றேன்.