கமெண்டரி நேரத்தில் நின்றுபோன ரேடியோ

எங்கள் வீட்டு ரேடியோ செய்திக்கு நிற்காது, நாடகத்துக்கு நிற்காது. கிரிக்கெட் கமெண்டரிக்கு மட்டும் நின்றுபோகும். நின்ற ஒவ்வொரு தடவையும் பழி என் தலையில்தான் விழுந்தது. இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்சந்தில் இருந்தோம். அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டினார். அவர் வாங்கிய வால்வு ரேடியோ அந்தச் சந்துக்கே ஒன்றுதான். மேட்ச் நாளில் அப்பாவின் கூட்டாளிகளும் ரயில்வே ஆட்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் முன்னறையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இங்கிலீஷ் கமெண்டரியைத் தமிழில் சொல்வது அம்மாவின் தம்பியான என் மாமாவின் பொறுப்பு. ரேடியோ சொல்லாத சிக்சரும் அவர் வாயிலிருந்து வரும். அம்மா உள்ளே பம்ப் ஸ்டவ்வில் டீ போட்டுக்கொண்டேயிருப்பாள்.

முக்கால் மணி நேரம் ரேடியோ நன்றாகப் பேசும். பிறகு குரல் தேய்ந்து, கரகரத்து, அடங்கிவிடும். உடனே எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும்.

"இன்னாத்த திருவுன?" என்பார் மாமா.

"நான் தொடவேயில்ல மாமா."

"தொடாமயா நிக்கும்? ஒங் கையி சும்மா கீதா?"

எனக்குப் பத்து வயது. என் தம்பி அதே அறையில் பம்பரம் விட்டுக்கொண்டிருப்பான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து ரிப்பேர்காரர் வந்தார். பத்து நிமிஷம் போட்டுப் பார்த்தார், கணீரென்று பேசியது. "செட்டுல ஒண்ணுமில்ல. கொயந்தைங்கள கிட்ட வுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த மேட்ச் அன்று என்னைத் தெருவில் நிறுத்தினார்கள். அன்றும் நின்றது. "ஜன்னலாண்ட நின்னு மொறைச்சிகினு இருந்தா வேற இன்னா ஆவும்?" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை, அப்பா வேலைக்கும் அம்மா மீன் வாங்கவும் போயிருந்த நேரத்தில், ரேடியோவில் பாட்டு வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். முக்கால் மணியில் பாட்டும் செத்தது. ஆக, கிரிக்கெட்டோடு அதற்குப் பகை ஒன்றுமில்லை. நீண்ட நேரம் ஓடினால் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். பின்பக்கம் கை வைத்தேன், சுட்டது. அம்மா பூத்தையல் போட்ட கனத்த உறை, காற்றுக்காக விட்டிருந்த துளைகளையெல்லாம் மூடிக்கொண்டிருந்தது. உறையைக் கழற்றினேன். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்தேன். ஆறவிட்டு மறுபடியும் போட்டேன். அம்மா திரும்பி வந்து குழம்பு கொதித்து இறங்கும்வரை பாடியது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே உறையை மடித்து வைத்தாள்.

அடுத்த டெஸ்டின் முதல் நாள், உறையில்லாத ரேடியோ காலையிலிருந்து சாயங்காலம்வரை பேசியது. உள்ளே அம்மாவின் டீ ஸ்டவ்வும் அதுவரை அணையவில்லை. மாமா காலையில் பெட்டியின் பக்கவாட்டில் ஓர் அறை விட்டிருந்தார். "தட்ற எடத்துல தட்டணும் மாமு" என்று வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தார். உறையை எடுத்தது நான் என்று கத்தினேன். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை முன்னறைக்கு வந்தால், அம்மா அந்த உறையை ரேடியோவுக்கு மாட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியும் பழையபடி சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அத்த போட்டா நின்னுடும்மா."

"தெரியும்."

"அப்ப ஏன் போட்ற?"

"தூசி படியுது" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

முக்கால் மணியில் நின்றது. மாமா அறைந்து பார்த்தார், அசையவில்லை. பிறகு வழக்கம்போலப் பழி என்மேல் விழுந்தது. உள்ளேயிருந்த அம்மா காதில் எல்லாம் விழுந்தது. எனக்காக ஒரு வார்த்தை பேச அவள் வெளியே வரவில்லை. ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்துபோனார்கள்.

நியாயம் கேட்கிற வெறியோடு உள்ளே போனேன். ஸ்டவ் அணைந்திருந்தது. அம்மா வெறுந்தரையில் படுத்து, கையை மடக்கிக் கண்மேல் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கெட்ட பெயரோடு நிற்க, உண்மை தெரிந்தவளுக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று கொதித்தேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அவள் பகலில் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை என்பது அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.